ராமநாதபுரம் கடற்கரையில் ஆராய்ச்சி: நிதி, அனுமதி, வெளிநாட்டுக் கூட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள் நான். கடல் உயிரியலில் முனைவர் பட்டம் முடித்து, இப்போது ஒரு திட்டத்தில் வேலை பார்க்கிறேன். பக்கத்து சீட்டில் உட்காரும் கல்லூரிப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், சின்னக் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் தோழிகள், எங்களை வள்ளத்தில் ஏற்றிப்போகும் அண்ணன்மார் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே பதினைந்து சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைப் போட்டிருக்கிறேன். தொகை, வயது வரம்பெல்லாம் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் தருதுங்கிறாங்களே, அது நம்ம கைக்கு வருமா?

இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று ஆளுக்குத் தருவது. உதவித்தொகை என்ற பெயரில் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். இன்னொன்று வேலைக்குத் தருவது. அதுதான் திட்ட நிதி. நிறுவனத்தின் கணக்குக்குப் போகும். கருவி, ரசாயனம், பயணம், வள்ள வாடகை, பணியாளர் சம்பளம் என்று தலைப்புவாரியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். செலவுக்குக் கணக்குக் காட்டி, பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை வரும். அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, புவி அறிவியல் அமைச்சகம், சி.எஸ்.ஐ.ஆர். என்கிற அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சி மன்றம் ஆகியவைதான் நம் பக்கம் அதிகம் காதில் விழும் பெயர்கள்.

இந்த வித்தியாசம் தெரியாமல், "ப்ராஜெக்ட்ல முப்பது லட்சம் வாங்கிட்டாராம்" என்று எங்கள் சார் ஒருவரைப் பற்றி ஊரே பேசியது. அவர் ஓட்டிக்கொண்டிருந்தது கிக்கர் அடித்தால் நாலாவது தடவை கிளம்பும் டிவிஎஸ் எக்ஸ்எல்.

என் பொண்ணு பன்னிரண்டாவதுல நல்ல மார்க். பி.எஸ்சி. சேர்ந்தா ஏதாவது கிடைக்குமா பாப்பா?

கிடைக்கும், கேட்டால்! அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டம் 2008-இல் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் தன் தேர்வு வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. சேர்ந்தால் வருடத்துக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 படிப்புக்கு, 20,000 கோடை விடுமுறையில் ஒரு வழிகாட்டியின் கீழ் செய்யும் ஆய்வுக்கு. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் இது கிடையாது. நம் பக்கத்தில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளையை நேராக அந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் தள்ளுகிறோம். அதனால் பல வீடுகளுக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரிவதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஸ்பயர் மானக் இருக்கிறது. ஒரு யோசனையைப் பள்ளி வழியாக ஆன்லைனில் அனுப்பி, தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய். இது முழுக்க ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. அவர் பதிவேற்றவில்லை என்றால் பிள்ளை என்ன யோசித்தும் பயனில்லை.

பிஎச்.டி. சேர்ந்தா மாசாமாசம் சம்பளம் வருமாமே?

சேர்ந்தால் வராது, தேர்வு எழுதித் தேறினால் வரும். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றவருக்கு முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள விகிதம். வீட்டு வாடகைப்படி தனி. கடல் சார்ந்து படித்தவர்கள் உயிர் அறிவியல் தாளையோ, புவி-வளிமண்டல-கடல் அறிவியல் தாளையோ எடுக்கலாம். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இரண்டாம் வருட பி.எஸ்சி.யிலேயே பழைய கேள்வித்தாள்களைக் கையில் எடுங்கள்.

"மாசாமாசம்" என்பதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். எனக்கு முதல் தொகை வந்தது சேர்ந்து ஏழு மாதம் கழித்து. அதுவரை அம்மாவின் மகளிர் குழுக் கடனில்தான் விடுதிக் கட்டணம் கட்டினேன். மொத்தமாகப் பின்னால் வந்துவிடும், பணம் எங்கேயும் போகாது. ஆனால் ஆறு மாதத்துக்குச் சாப்பாட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

மெட்ராஸ், கொச்சின்னு போகாம இங்கேயே இருந்து ஆராய்ச்சி பண்ண முடியாதா?

நியாயமாகப் பார்த்தால் மற்ற ஊர்க்காரர்கள்தான் இங்கே வர வேண்டும், வந்துகொண்டும் இருக்கிறார்கள். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971 வரை மண்டபம் முகாமில்தான் இருந்தது. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே முகாம். தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபம் மையம் தொடர்கிறது. 2010-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கடல்விராலைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தது இங்கேதான். சி.எஸ்.ஐ.ஆர்.-இன் பாவ்நகர் நிறுவனத்துக்கு மண்டபத்தில் கடல்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டி வளாகத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகப் பவளப்பாறை விஞ்ஞானிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பெரிய மாநாட்டு வரிசை ஒன்று உண்டு. அதில் முதலாவதாக எண்ணப்படுவது 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் நடந்த கருத்தரங்கு. இரண்டாவது 1973-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்), கப்பலில் வைத்து நடந்தது. சர்வதேசக் கூட்டு நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துவிடுங்கள்.

எஸ்.இ.ஆர்.பி.யை மூடிட்டாங்களாம். இனி ப்ராஜெக்ட் பணம் யார் தருவா?

எஸ்.இ.ஆர்.பி. என்பது ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம். அதை மூடவில்லை, வேறொன்றில் கரைத்துவிட்டார்கள். 2023-இல் வந்த சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக ஏ.என்.ஆர்.எஃப்., 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எஸ்.இ.ஆர்.பி. அதற்குள் போய்விட்டது. ஐந்து வருடத்தில் 50,000 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதில் பெரும்பகுதி தனியார், நன்கொடை போன்ற அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டிய பணம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் பார்க்க வேண்டியது இளம் ஆய்வாளர்களுக்கான பிரதமர் பெயரிலான நிதி. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்குத் தேசிய முதுமுனைவர் உதவித்தொகை.

எங்க காலேஜ் ரொம்பச் சின்னது, ரேங்க்கே கிடையாது. நாங்க அப்ளை பண்ணினா யார் மதிக்கப்போறா?

உண்மையைச் சொன்னால் சில கதவுகள் திறக்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு ஆய்வுக்காகக் கல்வி அமைச்சகம் 2018-இல் தொடங்கிய ஸ்பார்க் திட்டத்துக்குத் தரவரிசையில் மேலே இருக்கும் நிறுவனங்கள்தான் முதன்மையாக விண்ணப்பிக்க முடியும். ஏ.என்.ஆர்.எஃப்.-இன் 'பேர்' (PAIR) என்ற திட்டம் வண்டிச் சக்கரம் மாதிரி: நடுவில் குடமாக ஒரு பெரிய நிறுவனம், சுற்றி ஆரக்கால்களாக வளர்ந்துவரும் பல்கலைக்கழகங்கள்.

சின்னக் கல்லூரிக்கு நான் சொல்லும் வழி, பெரிய இடத்துக்காரரோடு இணை ஆய்வாளராகச் சேர்வது. உங்களிடம் இருக்கும் சரக்கு என்ன என்று யோசியுங்கள். அவர் வருடத்துக்கு இரண்டு முறை வந்து மாதிரி எடுப்பார். நீங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் ஏர்வாடி கரையில் நிற்கலாம். கச்சான் காற்று எடுத்த மறுநாள் தண்ணீர் எப்படிக் கலங்கியது என்று உங்கள் நோட்டில் இருக்கும், அவர் நோட்டில் இருக்காது. மூன்று வருடத் தொடர் அளவீடு கையில் இருக்கும் ஆசிரியரை யாரும் தட்டிக்கழிப்பதில்லை.

வெளிநாட்டுக் கூட்டுன்னா டாலர்ல பணம் வருமா?

அநேகமாக வராது. இரண்டு அரசுகள் சேர்ந்து நடத்தும் திட்டங்களில் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு: அவரவர் ஆட்களுக்கு அவரவர் அரசு செலவழிக்கும். நம் பக்கத்துச் செலவு ரூபாயில், அவர்கள் பக்கத்துச் செலவு அவர்கள் பணத்தில். பயணத்தில், வருகிறவரின் விமானச் சீட்டை அவர் நாடும் இங்கே தங்கும் செலவை நாமும் ஏற்பதுதான் வழக்கம்.

ராமேஸ்வரத்துக்காரர்களுக்குக் கலாமை வைத்துச் சொன்னால் உடனே புரிகிறது. 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனதே, ராக்கெட் அமெரிக்காவுடையது, அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது, இடமும் ஆட்களும் நம்முடையவை. கலாம் அதற்கு முன்னால் நாசாவில் பயிற்சி எடுத்து வந்தவர். யாரும் பெட்டியில் டாலர் கொண்டுவரவில்லை.

இப்போது நிலையான அமைப்புகளே இருக்கின்றன. பிரான்சோடு 1987 முதல் செஃபிப்ரா, அமெரிக்காவோடு 2000 முதல் இந்திய-அமெரிக்க அறிவியல் தொழில்நுட்ப மன்றம், ஜெர்மனியோடு 2010 முதல் இந்திய-ஜெர்மன் மையம். ஜெர்மன் மையத்தின் முக்கியத் திட்டத்துக்கு இரு நாட்டிலும் ஓர் ஆய்வு நிறுவனத்தோடு ஒரு தொழில் நிறுவனமும் சேர வேண்டும். பாசியிலிருந்து உரம், அகார் எடுக்கிறவர்களுக்கு இது தோதானது. வெறுமனே பவளத்தை எண்ணுகிற எங்களுக்கு இல்லை.

ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை நேரா எங்க காலேஜுக்கே பணம் தர்றேங்குது. வாங்கிக்கலாமா?

அறக்கட்டளை நடத்தும் தனியார் கல்லூரி என்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் முதலில் இறங்க வேண்டும். இதற்காகவே "நேரடியாக என் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிடும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். சொல்லாதீர்கள்.

அக்கா, முசல் தீவுல போய் சும்மா போட்டோ எடுத்து, பவளத்தை எண்ணிட்டு வர்றதுக்கும் பர்மிஷன் வேணுமா?

வேணும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர், 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. உள்ளே கால் வைப்பதற்கே வனத்துறை அனுமதி. மாதிரி எடுப்பது தனி அனுமதி. தலைமை வனவிலங்குக் காப்பாளர் சென்னையில் இருக்கிறார், கோப்பு ராமநாதபுரம் வழியாகப் போகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள உயிரினத்தைப் பிடித்து ஆய்வதென்றால் மத்திய அரசின் சம்மதமும் தேவை. பூங்காவைச் சுற்றிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் வேறு விஷயம், அதில் நீங்களும் நானும் வசிக்கிறோம்.

பலர் தவறுவது வரிசையில். நிதி வந்த பிறகு அனுமதி கேட்கிறார்கள். மூன்று வருடத் திட்டத்தில் முதல் வருடம் அதிலேயே போய்விடும். திட்டம் எழுதும்போதே அனுமதிக்கும் எழுதுங்கள். அப்புறம், எத்தனை துண்டு, எத்தனை கிராம், எந்தத் தீவு, எந்த மாதம் என்று எண் போட்டுக் கேளுங்கள். "தேவையான அளவு மாதிரி" என்று எழுதிய மனு ஒன்று எங்களிடம் மூன்று தடவை திரும்பி வந்தது. "நான்கு சென்டிமீட்டர் துண்டு, ஒரு தீவுக்கு ஐந்து" என்று திருத்திய பிறகு நகர்ந்தது.

கரை ஒதுங்கிக் கிடக்கிற செத்த பவளத்தை எடுத்தாக்கூடவா தப்பு?

தப்புதான். பாதுகாக்கப்பட்ட உயிரினம் செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து என்கிறது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ஆவுளியாவோ (கடற்பசு) ஆமையோ ஒதுங்கினாலும் அப்படியே. ஆய்வுக்கு வேண்டுமென்றால் வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் நிற்கும்போது அளவெடுங்கள். பவளம், கடல் அட்டை, சில சுறாக்கள் எல்லாம் 2001-இல் அட்டவணை ஒன்றில் சேர்க்கப்பட்டன. 2022 திருத்தத்தில் அட்டவணைகளை மாற்றி அடுக்கியிருக்கிறார்கள், உங்கள் இனம் இப்போது எதில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வெளிநாட்டு சார் டூர் வர்றாராம். அப்படியே நம்ம வள்ளத்துல ஏத்திட்டுப்போய் ரெண்டு பாசி எடுத்துக்கொடுத்தா என்ன?

மூன்று சட்டம் ஒன்றாக மாட்டும். சுற்றுலா விசாவில் ஆராய்ச்சி கூடாது, ஆராய்ச்சி விசா என்று தனியாக இருக்கிறது. தீவுப்பக்கம் போனால் மேலே சொன்ன அனுமதி. அதோடு 2002-ஆம் வருட உயிரியல் பன்மைச் சட்டப்படி, வெளிநாட்டவர் நம் உயிர்வளத்தை ஆய்வுக்கு எடுக்க, சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும். அவர் சட்டைப்பையில் சாட்டிலைட் போன் இருந்தால் கணக்கு நாலாகும். பல நாடுகளில் சாதாரணமாக வைத்திருக்கும் அந்தப் போனை இங்கே உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் கைதுவரை போகும், அதுவும் இந்தக் கரையில். மெயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரசு ஒப்புதல் பெற்ற, வழிகாட்டு நெறிகளுக்குள் வரும் நிறுவனங்களுக்கிடையேயான கூட்டுத் திட்டங்களுக்கு அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு விலக்கு தருகிறது. முன்னால் சொன்ன இரு நாட்டுத் திட்டங்கள் வழியாகப் போவதில் இருக்கும் பெரிய வசதி பணத்தைவிட இதுதான் என்பேன்.

வெளிநாட்டுல போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிறகான ஆய்வு) பண்ற நம்ம ஊருப் பொண்ணுதான் கேக்குது. அதுக்கு அனுப்பலாம்ல?

இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும், வருமானவரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டால் உயிரியல் பன்மைச் சட்டம் அவரையும் முன் ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. "முழுப் பாசியை அனுப்பவில்லை, டி.என்.ஏ. மட்டும்தான்" என்பதும் செல்லாது. மரபணுப் பொருளும் உயிர்வளம்தான். அந்தப் பெண் விடுமுறைக்கு வரும்போது இங்கேயே ஒரு ஆய்வகத்தில் உட்கார்ந்து சேர்ந்து வேலை பார்ப்பது சுலபம், கொழுக்கட்டையும் சாப்பிட்டுப் போகலாம்.

தங்கச்சி, நீங்கள்லாம் வர்றீங்க, போறீங்க. வள்ளம் ஓட்டுற எங்களுக்கு இதுல என்ன?

பாம்பன் குந்துகால் பக்கம் ஒரு அண்ணன் என்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டது. அன்றைக்கு அவருக்கு வாடகை பாக்கி வேறு. எங்கள் நிறுவனத்தின் தணிக்கையில் வள்ளத்துக்கு மூன்று விலைப்புள்ளி ஏன் வாங்கவில்லை என்று கேட்டுக் கோப்பை நிறுத்தியிருந்தார்கள். நாட்டுப்படகுக்காரரிடம் லெட்டர்பேட் ஏது? கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து வாங்கி, சங்கத் தலைவரிடம் சான்று வாங்கித்தான் முடிந்தது. திட்டம் எழுதுகிறவர்கள் வள்ள வாடகையைத் தனித் தலைப்பாகப் போட்டு, நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்வாக ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பெரிய பதிலுக்கு கப்பாபைகஸ் பாசியின் கதை. பிலிப்பைன்ஸைப் பூர்விகமாகக் கொண்ட இந்தப் பாசி 1984-இல் ஜப்பானிலிருந்து ஆய்வுக்காக குஜராத் கரைக்கு வந்தது. 1995-இல் மண்டபம் கடலில் பயிரிட்டுப் பார்த்தார்கள். 2000-இல் தொழில்நுட்பம் பெப்சி நிறுவனத்துக்கு உரிமமாகப் போனது. மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்ப்பது அதற்குப் பிறகுதான் நம் பெண்களுக்கு ஒரு தொழிலாக ஆனது. அதுவரை மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் தேடி மூச்சடக்கி முங்கியவர்கள். ஏற்றுமதிக்காக அந்த நிறுவனம் உயிரியல் பன்மை ஆணையத்துக்குக் கட்டிய பலன் பகிர்வுத் தொகை முப்பது லட்சம் ரூபாய்க்கு மேல். வளர்த்தவர்களுக்குப் பங்கு போக வேண்டும் என்பதுதான் அந்தத் தொகையின் நோக்கம். இந்தச் சட்டத்தில் நாடே எடுத்துக்காட்டும் ஆரம்ப வழக்கு நம் கரையுடையது.

மறுபக்கமும் உண்டு. 2008-இல் குருசடைத் தீவின் பவளத்தின் மேல் இதே பாசி படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். வருமானமா, பவளமா என்று அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. என் கட்சி: பயிரிடலாம், தீவுகளை விட்டுத் தள்ளி. அந்த அண்ணனிடம் இதையும் சொன்னேன். "அப்ப வேவு பார்க்குற வேலையை எங்ககிட்ட குடுங்க, தினம் அந்த வழியாத்தான போறோம்" என்றார். அடுத்த திட்டத்தில் கண்காணிப்புக்கென்று நாலு மீனவர்களுக்குத் தினக்கூலி எழுதினோம், கிடைத்தது. அவர்கள் பெயரைக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் போடுவதோடு நிறுத்தாமல், அடையாளம் சொன்னவரை இணை ஆசிரியராகவே சேர்க்கலாம். தடை எதுவும் இல்லை.

வெளிநாடு போயிட்டா திரும்பி வர வழி இருக்கா?

இருக்கிறது. இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டம், உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி மறுவருகை உதவித்தொகை இரண்டும் இதற்குக் கைகொடுக்கும். இரண்டுமே குறிப்பிட்ட காலத்துக்குத்தான், நிரந்தர வேலை அல்ல. அங்கேயே இருந்தபடி வருடத்தில் ஒன்றிரண்டு மாதம் இங்கே வந்து வேலை செய்ய நினைக்கும் மூத்தவர்களுக்கு வைபவ் திட்டம்.

மீனுக்கு எல்லை தெரியுமா? இலங்கைக்காரங்களோட சேர்ந்து ஒரே கடலை ஆராய முடியாதா?

முடியும், ஆனால் அவரவர் பக்கத்தில் நின்றுகொண்டு. எல்லைக்கோடு வடகடலில் 1974 ஒப்பந்தப்படியும் தென்கடலில் 1976 ஒப்பந்தப்படியும் போட்டது. அவர்கள் ஆய்வுப் படகு நம் கடலுக்குள் வரவோ, நம்முடையது அங்கே போகவோ அந்தந்த அரசின் சம்மதம் வேண்டும். அது ஒரு பிஎச்.டி. காலத்துக்குள் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். இரு நாட்டு அறிவியல் துறைகளுக்கிடையே கூட்டுத் திட்டம் உண்டு. வங்காள விரிகுடாவின் எட்டு நாடுகள் சேர்ந்த பெருங்கடல் சூழலியல் திட்டத்திலும் இரு நாடுகளும் இருந்தன.

நடைமுறையில் வேலை செய்வது இதுதான்: ஒரே கண் அளவுள்ள வலை, ஒரே ஆழம், ஒரே அமாவாசை. அங்கே ஒரு குழு எடுக்கட்டும், இங்கே நாம் எடுப்போம். மாதிரி எல்லை தாண்ட வேண்டாம், அட்டவணையில் எழுதிய எண்கள் தாண்டினால் போதும். அந்தத் தரவைப் பகிர்வதையும் இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: தனுஷ்கோடி முனையில் போன் சில சமயம் இலங்கை டவரைப் பிடித்து "வரவேற்கிறோம்" என்று மெசேஜ் அனுப்பும், ரோமிங் கட்டணம் ஓட ஆரம்பிக்கும். அந்தக் கட்டணத்தைப் பயணப்படியில் எழுதிப் பார்த்தேன். தரவில்லை.